தன்னார்வப் பணி நேரத்தை சி.எஸ்.ஆர். செலவாகக் காட்டலாமா?

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருப்பதால் அடையாளங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பம்ப்செட்டும் மோட்டாரும் தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் இவர் மனிதவள மேலாளர். மொத்தம் 400 பேர். பாதிக்கு மேல் ஷாப் ஃப்ளோர் தொழிலாளர்கள். அவர்களில் பலர் ஒடிசா, பீகார் பக்கமிருந்து வந்தவர்கள். நிறுவனம் இந்த நிதியாண்டில் சி.எஸ்.ஆருக்காக, அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்காக, சட்டப்படி செலவழிக்க வேண்டியது ஏறக்குறைய 18 லட்சம் ரூபாய். சில மாதங்களுக்கு முன் ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். ஐ.நா.வின் பதினேழு நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அதில் ஒரு கேள்வி. அதைப் படித்த நிர்வாக இயக்குநர், "பதினேழு இலக்கும் வர்ற மாதிரி ஒரு தன்னார்வத் திட்டம் போடுங்கம்மா" என்று இவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்.

குளத்தில் ஆகாயத்தாமரை அகற்றியாயிற்று. அரசுப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசியாயிற்று. குழந்தைகள் இல்லம் ஒன்றில் மதிய உணவு கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டாயிற்று. ஒரு மாரத்தானும் நடந்தது. வருகிற மார்ச்சில் ஆயிரம் மரக்கன்று நடத் திட்டம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு மூன்று இலக்குகளின் வண்ணச் சின்னங்கள் ஒட்டிய அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையில் எல்லோரும் வந்தாக வேண்டும்; வராதவருக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு கழியும். செலவுக்காக ஒவ்வொருவரிடமும் ஒரு நாள் சம்பளமும் பிடித்திருக்கிறார்கள். குளத்தில் இறங்கிய இளம் தொழிலாளி ஒருவருக்குக் கண்ணாடி குத்திக் காலில் தையல் போட்டிருக்கிறது. செலவை அவரே கட்டியிருக்கிறார்.

நான்கு சனிக்கிழமைகளில் சேர்ந்த சுமார் 8,000 மணி நேரத்தைச் சராசரிச் சம்பளத்தால் பெருக்கினால் 9 லட்சம் ரூபாய் வருகிறது. அதை சி.எஸ்.ஆர். செலவில் சேர்க்கச் சொல்கிறார் நிர்வாக இயக்குநர். "வேறு கம்பெனிகளில் இப்படித்தான் காட்டுகிறார்கள் என்கிறார். இது சரியா? பதினேழையும் தொடாவிட்டால் சட்டப்படி தவறா? அடிபட்ட பையனுக்கு யார் பொறுப்பு? அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டால் என் தலையில் விடியுமா? நல்ல காரியம் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். இப்போது ஆட்கள் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம். அது காத்திருக்கக் கூடாது.

அந்தத் தொழிலாளி தன் விருப்பத்தால் குளத்துக்குப் போகவில்லை. நிறுவனம் குறித்த நாளில், நிறுவனம் ஏற்பாடு செய்த இடத்துக்கு, வராவிட்டால் விடுப்பு கழியும் என்ற அறிவிப்புக்குக் கட்டுப்பட்டுப் போனார். வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்தா என்பதுதான் 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தொட்டு நம் சட்டங்கள் கேட்கும் கேள்வி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அளவுகோல் அதுவே. "அது தொண்டு, வேலை இல்லை" என்று நிறுவனம் சொல்லலாம். ஆனால் விடுப்பைக் கழிப்போம் என்று எழுதிய அறிவிப்பு உங்கள் கோப்பிலேயே இருக்கும்போது அந்த வாதம் நிற்காது என்பது என் கருத்து.

ஆகவே அவர் கட்டிய தொகையை இந்த வாரமே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வேலைக்கு வர முடியாமல் போன நாட்களின் சம்பளத்தையும் கொடுக்கச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இ.எஸ்.ஐ.) இருப்பார், விபத்து அறிக்கை அங்கே போயிருக்கிறதா என்று பாருங்கள். அவர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்றாலும் இதே பதில்தான். விபத்துப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நாளைக்குப் புண் சீழ் பிடித்தாலோ நரம்பு பாதித்திருந்தாலோ அவர் கையில் இருக்கப்போகும் ஒரே ஆதாரம் அந்தப் பதிவுதான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையை முன்னிட்டுப் பணியாளர் போகும் எந்த இடத்தையும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கொள்கிறது. குளக்கரையிலோ திரும்பி வரும் வேனிலோ ஏதாவது நடந்தால் உங்கள் உள்ளகப் புகார்க் குழு விசாரித்தாக வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு குழுவோடும் இந்தப் பொறுப்பும் போகிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

அந்த 9 லட்சம்

முடியாது. பணியாளர்களின் தன்னார்வ நேரத்துக்கு விலை போட்டு சி.எஸ்.ஆர். செலவாகக் காட்டக் கூடாது. 2021 ஆகஸ்ட் 25 அன்று நிறுவன விவகார அமைச்சகம் வெளியிட்ட கேள்வி-பதில் சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது: பணியாளர்களை ஈடுபடுத்துங்கள், அது வரவேற்கத்தக்கது, ஆனால் அவர்கள் சேவையைப் பணமாக்கிக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு கேட்பது, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை நிறுவனம் செலவழிக்க வேண்டும் என்பது. பொருளாகக் கொடுத்து அதற்கு விலை காட்டுவதற்கும் இதே பதில்தான். உங்கள் ஆலையில் செய்த பம்ப்பையே தானமாகக் கொடுத்து, விற்பனை விலையைச் செலவில் எழுத முடியாது.

உங்கள் நிர்வாக இயக்குநர் இதைத் தானாகக் கற்பனை செய்திருக்க மாட்டார். சி.எஸ்.ஆர். நடைமுறைக்கு வந்த 2014-இல், ஜூன் மாதச் சுற்றறிக்கை ஒன்று, தன்னார்வத்தில் ஈடுபடும் பணியாளர்களின் சம்பளத்தை நேர விகிதப்படி திட்டச் செலவில் சேர்க்கலாம் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் அமைச்சகம் அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. சேர்த்த செய்தி போன அளவுக்கு, நீக்கிய செய்தி போய்ச் சேரவில்லை. அந்த ஜூன் சுற்றறிக்கையிலேயே மாரத்தான், விருது விழா போன்ற ஒரு நாள் நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். ஆகாது என்றும் இருக்கிறது. ஆக, உங்கள் மாரத்தானும் கணக்கில் சேராது.

சேர்த்தால் என்ன ஆகும் என்பதை ரூபாயிலேயே சொல்கிறேன். நிர்வாக இயக்குநரிடம் பேச உதவும். 9 லட்சம் ஏற்கப்படாமல் போனால், அது செலவழிக்காத தொகை. பல ஆண்டுகள் நடக்கும் தொடர்திட்டம் எதற்கும் உரியதாக இல்லாததால், நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள நிதி ஒன்றுக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றத் தவறினால் நிறுவனத்துக்கு அபராதம், அந்தத் தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி, இரண்டில் எது குறைவோ அது. இங்கே 18 லட்சம். தவறுக்குப் பொறுப்பான அதிகாரி ஒவ்வொருவருக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், எது குறைவோ அது. இங்கே 90,000 ரூபாய். ஒன்பது லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போய் இந்த வம்பு எதற்கு?

சனிக்கிழமையும் ஒரு நாள் சம்பளமும்

ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருப்பேன். வாரம் முழுக்க மெஷின் முன்னால் நிற்கிறவருக்கு, அதிலும் வீட்டை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி லைன் வீட்டில் இருப்பவருக்கு, துணி துவைக்க, ஊருக்குப் பேச, தூங்க இருக்கிற நாள் அது. பெண் தொழிலாளர்களுக்கு அது வீட்டு வேலை குவிந்து கிடக்கிற நாள்.

சட்டமும் அவர்கள் பக்கம்தான். சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் உண்டு. நிறுவனத்தின் தன்னார்வ நிகழ்ச்சிச் செலவு அந்தப் பட்டியலில் இல்லை. பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பணத்தை நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். செலவில் சேர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தொழிலாளியின் சம்பளம் நிறுவனத்தின் செலவு ஆகாது. கட்டாயப்படுத்தி வரவழைத்த நேரம் வேலை நேரம்தான் என்று ஒரு தொழிலாளி வாதிட்டால் மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. அப்போது கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்ற பேச்சு வரும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு, உலகில் தன்னார்வப் பணி எவ்வளவு நடக்கிறது என்று கணக்கெடுக்கும்போது ஊதியமின்மை, கட்டாயமின்மை என்ற இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. உங்கள் 8,000 மணி நேரம் இரண்டாவதில் தேறாது.

உங்கள் அறிக்கை வரைவில் கண்ணியமான வேலையைப் பற்றிய எட்டாவது இலக்கின் சின்னம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இலக்கின் கீழ் 8.8 என்ற துணை இலக்கு என்ன கேட்கிறது தெரியுமா? எல்லாத் தொழிலாளர்களின் உரிமைகளையும் காக்க வேண்டும், பாதுகாப்பான பணிச்சூழல் வேண்டும் என்கிறது. புலம்பெயர்ந்த தொழிலாளர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒடிசாக்காரப் பையனின் சம்பளத்தைப் பிடித்து, விடுமுறையையும் எடுத்துக்கொண்டு, காலில் கண்ணாடி குத்தியபோது செலவையும் அவன் தலையில் கட்டிவிட்டு, அந்தச் சின்னத்தை அறிக்கையில் அச்சிடுவது பொய். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். இலக்குகளுக்குப் பொருத்தமாக நடப்பது என்பது வெளியே போய்ச் செய்யும் காரியத்தில் தொடங்குவதில்லை, ஆலைக் கதவுக்கு உள்ளே தொடங்குகிறது. இதை நான் மனதார நம்புகிறேன்.

செய்யக்கூடியது எளிது. ஆண்டுக்கு இரண்டு நாளோ நான்கு அரை நாளோ சம்பளத்துடன் கொடுங்கள். வருவதும் வராததும் அவரவர் விருப்பம். வராதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறக் கூடாது, மதிப்பீட்டிலும் தெரியக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே உரிமை. முதல் ஆண்டில் நானூறு பேரில் முப்பது பேர் வந்தால் அது நல்ல தொடக்கம்.

பிள்ளைகளின் படங்கள்

குழந்தைகள் இல்லத்தில் எடுத்த படங்களை இன்றே நீக்கச் சொல்லுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கி, இல்லத்தின் பெயர்ப்பலகையை விட்டுவைத்தாலும் பயனில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் படங்களும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை வந்து சோறு போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை அந்தப் பிள்ளைகள் நன்றாகவே அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள்.

பதினேழையும் தொட வேண்டுமா?

வேண்டாம். நிலையான வளர்ச்சி இலக்குகள் 2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகள் ஏற்ற தீர்மானம். 17 இலக்குகள், அவற்றின் கீழ் 169 துணை இலக்குகள், 2030 வரை காலம். அது அரசுகள் தந்த உறுதிமொழி. உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. எத்தனை சின்னம் ஒட்டினீர்கள் என்று எண்ணி யாரும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. 2015-லேயே ஜி.ஆர்.ஐ., ஐ.நா. குளோபல் காம்பேக்ட், டபிள்யூ.பி.சி.எஸ்.டி. என்ற மூன்று சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து நிறுவனங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், இலக்குகளைப் புரிந்துகொண்ட பிறகு வரும் இரண்டாம் படியே முன்னுரிமையைத் தேர்ந்தெடுப்பதுதான். உங்கள் தொழிலால் எங்கே கெடுதல் அதிகம், எங்கே உங்களால் நன்மை செய்ய முடியும் என்று பார்த்து, சிலவற்றை மட்டும் எடுக்கச் சொல்கிறது அது.

சின்னத்தை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள துணை இலக்கின் வாசகத்தைப் படியுங்கள். படித்தால் பாதி நிகழ்ச்சிகள் தானாக உதிர்ந்துவிடும்.

குளத்தை எடுங்கள். 6.6 என்பது ஆறு, ஏரி, சதுப்புநிலம் போன்ற நீர்ச் சூழலைப் பாதுகாத்து மீட்பது. அதற்கு வைத்த கெடு 2020, அது கடந்தே போய்விட்டது. ஆகாயத்தாமரை ஏன் மண்டுகிறது? சாக்கடைநீர் கொண்டுவரும் சத்துகளில் அது செழிக்கிறது. சாக்கடையை விட்டுவிட்டு இலையை மட்டும் வாரினால் சில வாரங்களில் குளம் மறுபடி பச்சைப் போர்வைதான். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடுவதைக் குறைக்கச் சொல்வது 6.3. வேலை அங்கே இருக்கிறது. நொய்யல் கரைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி விவசாயம் பாழான கதையில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிலைக்கு வந்தது நீதிமன்றத்தால். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போக வேண்டியிருந்தது. கரையில் பிளாஸ்டிக் பொறுக்கி நடந்த காரியம் இல்லை அது. ஆகவே குளத்துக்குப் போகும் முன் உங்கள் ஆலையின் பெயின்ட் பூத் தண்ணீர் எங்கே போகிறது, வார்ப்படம் போட்டுத் தரும் ஃபவுண்டரி தன் கழிவு மணலை எங்கே கொட்டுகிறது என்று கேளுங்கள். உங்கள் வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள விரும்புவதும் பெரும்பாலும் அதைத்தான்.

மார்ச்சில் மரக்கன்று வேண்டவே வேண்டாம். நம் பக்கத்தில் கன்று வைக்க ஆடி மாதத்தை ஒட்டிய தென்மேற்குச் சாரல் அல்லது ஐப்பசி மழைக்கு முந்தைய நாட்கள். மார்ச்சில் நட்டால் ஏப்ரல், மே வெயிலில் கருகிவிடும். மார்ச்சை யாரும் மண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை; நிதியாண்டு முடிகிறது என்பதால் தேர்ந்தெடுக்கிறார்கள். நடுவதென்றால் நூறு நடுங்கள், தண்ணீர் ஊற்ற ஆள் வையுங்கள், இரண்டு கோடை கழிந்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.

பள்ளிச் சுவரைப் பற்றி ஒரு வரி போதும். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவைக் கேட்டுவிட்டுப் போங்கள். பல இடங்களில் கழிப்பறைக்குத் தண்ணீர் வர வேண்டும் என்பதே முதல் பதிலாக இருக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது? உங்களிடம் ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: மோட்டார் தெரிந்த கைகள். காயில் கட்டத் தெரிந்தவர்கள், டெஸ்டிங்கில் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்கிறவர்கள். சுற்றியுள்ள ஊராட்சிகளில் குடிநீர் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் எப்படி ஓடுகின்றன என்று அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். லோ வோல்டேஜில் ஓட்டிக் காயில் எரிவது, தண்ணீர் இறங்கிய பிறகும் வெறுமனே ஓடுவது, ஆழத்துக்குப் பொருந்தாத பம்ப்பைப் போட்டு மின்கட்டணம் ஏறுவது எல்லாம் அவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். மோட்டார் எரிந்தால் ஊருக்கு எத்தனை நாள் தண்ணீர் இல்லை என்பது குடம் தூக்கும் பெண்களுக்குத் தெரியும். டேங்க் ஆபரேட்டர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில், எந்தப் பயிற்சியும் இல்லாமல் வால்வு திறப்பவர். அவருக்கு ஆம்பியர் பார்க்கக் கற்றுக்கொடுப்பது மாரத்தானை விட எவ்வளவோ பெரிய காரியம்.

இது எந்த இலக்கு? எல்லோருக்கும் பாதுகாப்பான குடிநீர் என்ற 6.1, நீர் நிர்வாகத்தில் உள்ளூர் மக்களின் பங்கை வலுப்படுத்தும் 6.பி, மின்சாரம் மிச்சமானால் 7.3. ஆறாவது இலக்கு ஒன்றைச் சொன்னாலே போதும். மூன்று ஊராட்சிகள், இரண்டு ஆண்டுகள், விருப்பப்பட்டு வரும் இருபது முப்பது பேர் என்று வையுங்கள். தொடங்கும் முன்பே மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: சென்ற ஆண்டு எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை, எத்தனை முறை மோட்டார் எரிந்தது, மின்கட்டணம் எவ்வளவு. இரண்டு ஆண்டு கழித்து அதே மூன்றையும் மறுபடி எழுதுங்கள். தன்னார்வ நேரத்தையும் எழுதலாம், ஆனால் கடைசியில். எட்டாயிரம் மணி நேரம் என்பது நீங்கள் கொடுத்தது. ஊருக்கு என்ன கிடைத்தது என்பதை அது சொல்லாது.

சில எச்சரிக்கைகள். நிறுவனத்தின் வழக்கமான வியாபாரம், சந்தைப்படுத்தல் நோக்கில் தரும் ஆதரவு ஆகியவற்றை சி.எஸ்.ஆர். விதிகள் ஏற்பதில்லை. ஆகவே உங்கள் பிராண்ட் பம்ப் உள்ள ஊர்களாகப் பார்த்துப் போகாதீர்கள், எரிந்த மோட்டாருக்குப் பதில் உங்களுடையதை வாங்கச் சொல்லாதீர்கள், பேனர் கட்டாதீர்கள். ஊராட்சி நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் யாரும் பேனல் பெட்டியைத் திறக்கக் கூடாது. மின் வேலையை உரிமம் உள்ள வயர்மேன் மட்டும் செய்யட்டும். மோட்டார் தெரியாதவர்களை ஒதுக்கவும் வேண்டாம். கணக்குப் பிரிவில் இருப்பவர் மின்கட்டணப் பதிவேட்டைச் சரிபார்க்கலாம். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு வைண்டிங் சொல்லிக்கொடுக்க உங்கள் சீனியர் தொழிலாளர்களில் யாராவது ஆசைப்பட்டால் அது 4.4-இல் வரும் திறன் பயிற்சி, மகிழ்ச்சியோடு அனுப்புங்கள்.

நிர்வாக இயக்குநரிடம்

அவர் மனம் கெட்டவர் என்று உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குத் தோன்றவில்லை. ஏற்றுமதி ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னால் கேட்பார். பதினேழு சின்னம் ஒட்டிய அறிக்கையை விட, ஒரு இலக்கைப் பற்றிய உண்மையான மூன்று எண்கள் ஐரோப்பிய வாடிக்கையாளரிடம் செல்லும். அளவிட முடிந்த துணை இலக்குகளில் 17 சதவீதமே சரியான பாதையில் போகின்றன என்று ஐ.நா.வே 2024-இல் அறிக்கை தந்திருக்கிறது. ஒரு பம்ப் கம்பெனி பதினேழையும் நிறைவேற்றிவிட்டதாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? பம்ப் அட்டைப்பெட்டியிலும் அந்தச் சின்னங்களை அச்சிட அவர் ஆசைப்படுவதாகச் சொல்கிறீர்கள். வணிகப் பயன்பாட்டுக்கு ஐ.நா.வின் முன் அனுமதி தேவை. சுற்றுச்சூழல் பற்றிய ஆதாரமற்ற விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024 வழிகாட்டு நெறிகளும் இருக்கின்றன.

9 லட்சத்துக்கு வழியும் இருக்கிறது. குடிநீர் ஏழாம் அட்டவணையில் வரும் விஷயம். ஊராட்சி மோட்டார் திட்டத்தைப் பல ஆண்டுத் தொடர்திட்டமாக இயக்குநர் குழு மார்ச் 31-க்குள் ஏற்று, வேலையையும் உண்மையிலேயே தொடங்கிவிட்டால், செலவாகாத மீதியை ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். வோல்டேஜ் பாதுகாப்புக் கருவி, நீர்மட்ட சென்சார், ஆபரேட்டர் பயிற்சி என்று செலவுக்குத் தேவை நிறைய இருக்கும். பிற நிறுவனத்திடம் வாங்கி, ரசீது வையுங்கள். நீங்கள் செலவழிக்க வேண்டிய சி.எஸ்.ஆர். தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் தனி சி.எஸ்.ஆர். குழு அமைக்க வேண்டியதில்லை. இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். அறக்கட்டளை மூலம் செய்வதென்றால் சி.எஸ்.ஆர். பணிக்காக அமைச்சகத்தில் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் அதற்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

கையெழுத்துக்கு வருகிறேன். சி.எஸ்.ஆர். பணம் செலவான விதத்துக்குச் சான்று தர வேண்டியவர் தலைமை நிதி அலுவலர் அல்லது நிதிப் பொறுப்பில் இருப்பவர். மனிதவள மேலாளர் அல்ல. உங்களிடம் கேட்டால் யார் எத்தனை மணி நேரம் வந்தார்கள் என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள், ரூபாயாக மாற்றாதீர்கள். நிறுவனங்கள் சட்டத்தின் 448-வது பிரிவு, முக்கியமான விவரத்தைப் பொய் என்று தெரிந்தே அறிக்கையில் எழுதுபவரை மோசடிக்கான பொறுப்புக்குள் கொண்டுவருகிறது. இதுவரை உங்களுக்குத் தெரியாது, இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் சுற்றறிக்கையை இணைத்து, "இந்தத் தொகையைச் சேர்க்க இயலாது என்று தெரிகிறது, தணிக்கையாளரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டுகிறேன்" என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் பேசிய பிறகு அனுப்புங்கள். முதலிலேயே அனுப்பினால் குற்றச்சாட்டு போலத் தெரியும்.

இயக்குநர் குழுக் கூட்டம் மார்ச் இரண்டாம் வாரத்தைத் தாண்டக் கூடாது. ஊராட்சியிலிருந்து எழுத்தில் அனுமதி வாங்க நாளாகும் என்பதால், உங்கள் சர்வீஸ் பிரிவு மூத்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலரை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.